டெர்மினல் கடைகளை யாரிடம் விடுவது: நேரடிக் குத்தகையா, ஒரே ஆபரேட்டரா, டெவலப்பரா, கூட்டு நிறுவனமா?

புது டெர்மினல் கட்டும்போதும் சரி, பழையதை விரிவாக்கும்போதும் சரி, கடைகளையும் உணவகங்களையும் யாரிடம் எப்படி விடுவது என்ற பேச்சு பெரும்பாலும் கடைசியில்தான் வருகிறது. செக்யூரிட்டி வரிசை, பேக்கேஜ் பெல்ட், விமானம் நிற்கும் இடம் எல்லாம் முடிவான பிறகு, மிச்சம் கிடக்கும் மூலைகளுக்கு வரைபடத்தில் ஒரு வண்ணம் பூசி "கமர்ஷியல்" என்று எழுதிவிட்டு டெண்டருக்குப் போகிறார்கள், யார் அதிக வாடகை சொல்கிறாரோ அவருக்குக் கொடுத்துவிட்டு அடுத்த ஃபைலை எடுக்கிறார்கள். உலக அளவில் விமான நிலைய வருமானத்தில் சுமார் 40 சதவீதம் விமானக் கட்டணம் சாராத வழிகளில் வருகிறது, அதில் கடைகளும் கார் பார்க்கிங்கும்தான் பெரிய பங்கு. இதைத் தெரிந்துகொண்டும் இப்படி நடப்பது ஆச்சரியம்தான்.

பொதுவாக நான்கு வழிகள் இருக்கின்றன. விமான நிலையமே ஒவ்வொரு கடைக்காரரிடமும் தனித்தனியாக ஒப்பந்தம் போடலாம். மொத்தத்தையும் அல்லது பெரும்பகுதியை ஒரே ஆபரேட்டரிடம், அதாவது பல கடைகளையும் உணவகங்களையும் தானே நடத்தும் ஒரு நிறுவனத்திடம், கொடுக்கலாம். கடை நடத்தாத, ஆனால் கடைகளைக் கொண்டுவரத் தெரிந்த ஒரு டெவலப்பரை நடுவில் வைக்கலாம். இல்லாவிட்டால் ஒரு ஆபரேட்டருடன் சேர்ந்து கூட்டு நிறுவனம் தொடங்கி லாப நஷ்டத்தில் பங்கு எடுக்கலாம். நடைமுறையில் பெரிய டெர்மினல்களில் இவை கலந்துதான் இருக்கும், அது வேறு விஷயம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்த வழியில் அதிக வாடகை வரும் என்பது இரண்டாவது கேள்வி. எதிர்பார்த்த பயணிகள் வராமல் போனால் அந்த நஷ்டத்தை யார் சுமப்பது என்பதுதான் முதல் கேள்வி. டெண்டரில் வரும் பெரிய எண் பல நேரங்களில் "எல்லாம் நல்லபடியாக நடந்தால்" என்ற நம்பிக்கையின் விலை மட்டும்தான். 2020-இல் உலகின் விமானப் பயணிகள் எண்ணிக்கை முந்தைய ஆண்டைவிட சுமார் 60 சதவீதம் விழுந்தது. பெருந்தொற்று எப்போதாவது வருவது என்று ஒதுக்கிவிடலாம், ஆனால் ஒரே ஒரு ஏர்லைன் மனம் மாறினாலே போதும். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் விமான நிலையம் 1992-இல் புது டெர்மினல் திறந்தபோது யுஎஸ்ஏர் (பின்னாளில் யுஎஸ் ஏர்வேஸ்) ஏர்லைனின் பெரிய இணைப்பு மையம், 1990-களின் பிற்பகுதியில் ஆண்டுக்குச் சுமார் 2 கோடிப் பயணிகள். 2004-இல் அந்த ஏர்லைன் மையத்தைக் கலைத்தது. பத்தாண்டுகளுக்குள் எண்ணிக்கை சுமார் 80 லட்சத்துக்கு வந்துவிட்டது. விமானம் மாறும் பயணிகளை நம்பிக் கடை போட்டவர்களின் நிலையை யோசித்துப் பாருங்கள், அவர்கள் வியாபாரம் செய்த விதத்தில் ஒரு குறையும் இல்லை.

முதலில் இடம், அப்புறம்தான் ஆள்

குத்தகை முறையை ஒப்பிடும் முன் இடத்தைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். தவறான இடத்தில் போட்ட கடையை எந்த ஒப்பந்தத்தாலும் காப்பாற்ற முடியாது.

செக்யூரிட்டி சோதனைக்கு முன்னால் நிற்கும் பயணிக்கு மனம் முழுக்க ஒரே கவலை, வரிசை எவ்வளவு நீளம் என்பது. சோதனை முடிந்து பெல்ட்டைத் திரும்ப மாட்டி, பாஸ்போர்ட்டைப் பையில் வைத்த பிறகுதான் அவருக்குக் கண் திறக்கிறது. அங்கிருந்து போர்டிங் அழைப்பு வரை உள்ள நேரம்தான் கடைக்காரரின் நேரம். அதனால்தான் சோதனை முடிந்தவுடன் டியூட்டி ஃப்ரீ கடைக்குள்ளேயே நடந்து போகும்படி வழியை அமைக்கிறார்கள், பிரிட்டனின் பெரிய விமான நிலையங்களில் கேட் எண்ணைப் புறப்படும் நேரம் நெருங்கும்வரை அறிவிக்காமல் எல்லோரையும் நடு ஹாலில் வைத்திருக்கிறார்கள். பயணிகள் இதைத் திட்டுவார்கள், திட்டுவதும் நியாயமே.

இதிலிருந்து ஒரு நேரடி விளைவு: செக்யூரிட்டி வரிசை பத்து நிமிடம் நீண்டால் அந்தப் பத்து நிமிடமும் கடைகளின் கணக்கிலிருந்துதான் போகும். ஆகவே சோதனை வரிசைகளைத் திட்டமிடுபவரும் கடைகளைத் திட்டமிடுபவரும் ஒரே மேஜையில் உட்கார வேண்டும். பல இடங்களில் இவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்ததே இருக்காது.

சோதனைக்கு முன்னால் உள்ள பகுதியில் கடையே வேண்டாம் என்று சொல்லவில்லை. வழியனுப்ப வந்தவர்கள், டாக்ஸி ஓட்டுநர்கள், ஊழியர்கள் எல்லோருக்கும் அங்கே சாப்பிட ஓர் இடமும் அவசரப் பொருள் வாங்க ஒரு கடையும் வேண்டும். அதற்கு மேல் ஆசைப்படும்போது எல்லோரும் சிங்கப்பூரின் ஜுவலைக் காட்டுவார்கள். 2019-இல் திறந்த அந்த வளாகம் சோதனைக்கு வெளியே இருந்தும் கூட்டத்தை இழுக்கிறது என்பது உண்மை. ஆனால் அதை நகரத்து மக்கள் தேடிப்போகும் ஒரு மால் என்று பார்க்க வேண்டும், விமான நிலையம் பக்கத்தில் இருக்கிறது, அவ்வளவுதான். உங்கள் நிலையத்துக்கு ஊருக்குள்ளிருந்து ரயிலில் எளிதாக வந்துவிட முடியாது என்றால் அந்தப் படத்தை பிரசன்டேஷனிலிருந்து எடுத்துவிடுங்கள்.

உணவகத்துக்கு வருவோம். துணிக்கடையை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம், கிச்சனை அப்படி வைக்க முடியாது. புகைபோக்கிக் குழாய் கூரை வரை போக வேண்டும், கழிவுநீர்க் குழாயும் எண்ணெய்க் கழிவைப் பிரிக்கும் தொட்டியும் வேண்டும், மின்சார லோடு வேண்டும். பல டெர்மினல்களில் கேஸ் அடுப்புக்கே அனுமதி இல்லை, அப்படியானால் மின்சாரம் இன்னும் கூடுதலாக வேண்டும். கட்டடம் எழும்பிய பிறகு இவற்றைச் சேர்ப்பது பெரும்பாலும் நடக்காது, நடந்தாலும் செலவு கழுத்தைப் பிடிக்கும். குழாய் இல்லாத மூலையை "உணவகம்" என்று குறித்துவிட்டால் அங்கே வருபவர் எவ்வளவு நல்ல சமையல்காரராக இருந்தாலும் சூடுபடுத்தித் தரும் வேலைதான் செய்ய முடியும். எனவே எந்தெந்த இடம் முழுக் கிச்சன், எது வெறும் காபி கவுண்டர் என்பது கட்டட வரைபடத்திலேயே முடிவாக வேண்டும். ஆபரேட்டரைத் தேர்ந்தெடுப்பதற்கு இரண்டு மூன்று ஆண்டுகள் முன்பே நடக்க வேண்டிய வேலை இது, அதற்கு உணவகம் நடத்தித் தெரிந்த யாரையாவது ஆலோசனைக்கு வைத்தால் போதும்.

நடு ஹாலில் எல்லாவற்றையும் குவிப்பதா, கேட்டுகளுக்குப் பக்கத்தில் பரப்புவதா என்பதில் என் சாய்வு குவிப்பதன் பக்கம். கூட்டம் ஒரே இடத்தில் இருந்தால் கடைகள் ஒன்றுக்கொன்று துணை. ஆனால் நீண்ட கைகளாகப் பிரியும் டெர்மினலில் கேட் வரை போய்விட்ட பயணி திரும்பி வர மாட்டார், விமானத்தைத் தவறவிடும் பயம். அவருக்குக் கண்ணுக்கெட்டிய தூரத்தில் தண்ணீரும் காபியும் கையில் எடுத்துப்போகும் உணவும் கிடைக்க ஒரு சின்னக் கடையாவது ஒவ்வொரு கையிலும் வேண்டும். அந்தச் சின்னக் கடை தனியாக லாபம் பார்க்காது. அதை யார் நடத்துவார் என்ற கேள்விதான் நம்மைக் குத்தகை முறைக்குக் கொண்டுபோகிறது.

நான்கு வழிகளும் எப்படி நடந்துகொள்கின்றன

நேரடிக் குத்தகை பார்க்க அழகாக இருக்கும். நடுவில் யாரும் இல்லை, வாடகை முழுவதும் நிலையத்துக்கு. வகை வகையான கடைகள் வரும், சிறு முதலாளிகளுக்கும் இடம் கிடைக்கும், ஒரு கடை சரியில்லை என்றால் அதை மட்டும் மாற்றலாம். எல்லாம் சரி, செய்ய ஆள் இருக்கிறதா? 40 கடை என்றால் 40 ஒப்பந்தம், 40 உள்ளலங்கார வரைபடங்களுக்கு அனுமதி, 40 பில்லிங் மெஷின்களின் விற்பனைக் கணக்கு, 40 பேரின் தண்ணீர்க் குழாய்ப் புகார். நல்ல பிராண்டுகள் டெண்டர் விளம்பரத்தைப் பார்த்து ஓடிவருவதும் இல்லை, அவர்களைத் தேடிப்போய்ப் பேசி அழைத்துவர வேண்டும். சில்லறை வணிகத்தில் பழகிய ஒரு சிறு குழுவையாவது சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்ளாத நிலையம் இந்த வழியைத் தொடவே கூடாது. அரசுத் துறையின் கட்டட வாடகைப் பிரிவு செய்துவிடும் என்று நினைப்பது ஆழம் தெரியாமல் காலை விடுவது.

இன்னொரு சங்கடமும் உண்டு. நகரத்தில் நன்றாக ஓடும் சிறு உணவகம் டெர்மினலுக்குள் வந்தவுடன் திணறும். சரக்கெல்லாம் சோதனை வழியாகத்தான் உள்ளே வர வேண்டும், ஒவ்வொரு ஊழியருக்கும் பின்னணி விசாரித்து பாஸ் வாங்க வாரக்கணக்கில் ஆகும், கத்தியைக்கூடப் பல இடங்களில் மேஜையோடு கட்டிவைத்து எண்ணிக் கணக்குக் காட்ட வேண்டும், முதல் விமானத்துக்காக விடியலுக்கு முன்பே திறந்து கடைசி விமானம் வரை மூடாமல் இருக்க வேண்டும், குடோன் எங்கோ கீழ்த்தளத்தில் இருக்கும். இதையெல்லாம் முன்கூட்டி அறியாதவர்தான் டெண்டரில் ஆக அதிக வாடகையைச் சொல்வார், ஒன்றரை வருடத்தில் சாவியைக் கொடுத்துவிட்டும் போவார்.

ஒரே ஆபரேட்டர் என்றவுடன் பலருக்கு முகம் சுளிக்கும். ஏகபோகம், எல்லாம் ஒரே ருசி, விலை ஏறும் என்பார்கள். அதில் பாதி உண்மை. ஆனால் சிறிய டெர்மினலின் ஒரு நாளைக் கவனித்தால் வேறு படம் தெரியும்: காலையில் நான்கு விமானங்கள் அடுத்தடுத்துக் கிளம்பும், இரண்டு மணி நேரம் கால் வைக்க இடம் இருக்காது, அப்புறம் மதியம் வரை ஈ ஓட்ட வேண்டியதுதான். இந்த அலையைத் தனித்தனி ஐந்து கடைகளால் தாங்க முடியாது. ஒரே முதலாளி என்றால் ஒரு கிச்சனில் சமைத்து மூன்று கவுண்டரில் விற்கலாம், காபிக் கடை ஆளைக் கூட்டம் குறைந்ததும் புத்தகக் கடைக்கு அனுப்பலாம், நான் மேலே சொன்ன லாபமில்லாத கேட் ஓரக் கடையையும் மற்றதில் வரும் காசில் நடத்தலாம். டியூட்டி ஃப்ரீயில் காரணம் இன்னும் வலுவானது. மது, வாசனைத் திரவியம், சாக்லேட் எல்லாம் மொத்தமாக வாங்கும் பலத்தில் ஓடும் வியாபாரம், பல நாடுகளில் கடை வைத்திருப்பவரோடு தனி ஆள் விலையில் போட்டிபோட முடியாது.

இந்தத் துறையில் ஆபரேட்டர்களே இப்போது பெரிதாகிக்கொண்டு போகிறார்கள். கடைகளில் பெரிய ஆளான டூஃப்ரியும் உணவகங்களில் பெரிய ஆளான ஆட்டோகிரில்லும் 2023-இல் இணைந்து அவோல்டா என்று பெயர் மாற்றிக்கொண்டன. டெர்மினலில் பத்து வேறு பிராண்ட் பலகைகளைப் பார்க்கும் பயணிக்கு, அவற்றில் ஏழெட்டுக்குப் பின்னால் ஒரே கம்பெனி உரிமம் வாங்கி நடத்துகிறது என்பது தெரியாது. அதனால் "பல பிராண்ட் இருக்கிறது, எனவே போட்டி இருக்கிறது" என்ற வாதத்தை நம்பாதீர்கள். போட்டி வேண்டும் என்றால் பலகையை எண்ணாமல் முதலாளிகளை எண்ணுங்கள். ஒரே ஆபரேட்டர் வழியில் போனாலும் உணவை ஒரு பொதியாகவும் கடைகளை ஒரு பொதியாகவும் பிரித்துக் கொடுத்தால் ஒருவர் கைவிட்டாலும் மொத்த டெர்மினலும் இருண்டு போகாது.

டெவலப்பர் முறைக்கு மறுபடியும் பிட்ஸ்பர்க்தான் உதாரணம். 1992-இல் அங்கே கடைகளைத் திட்டமிட்டு வாடகைக்கு விட்டது, பிரிட்டனின் விமான நிலையங்களை நடத்திக்கொண்டிருந்த பிஏஏ நிறுவனம். வெளியில் விற்கும் விலைக்கே உள்ளேயும் விற்க வேண்டும் என்ற நிபந்தனையோடு, மால் போல நடத்தினார்கள், அந்தக் காலத்தில் அமெரிக்காவில் அது புதுமை. பின்னர் 2012-இல் மால் நிறுவனமான வெஸ்ட்ஃபீல்ட் லாஸ் ஏஞ்சலஸ் விமான நிலையத்தின் சில டெர்மினல்களில் இதே வேலையை எடுத்தது. டெவலப்பருக்குக் கடைக்காரர்களைத் தெரியும், எந்தக் கடைக்குப் பக்கத்தில் எது நின்றால் ஓடும் என்று தெரியும், முதலீடும் கொண்டுவருவார். பதிலுக்கு வாடகையில் பங்கு கேட்பார், முதலீட்டை மீட்க நீண்ட ஒப்பந்தம் கேட்பார். இங்கேதான் எனக்குத் தயக்கம். வாடகை ஒன்று, வாங்கிக்கொள்பவர் இருவர், ஆகவே கடைக்காரர் மேல் விழும் சுமை கூடும், அது கடைசியில் விலைப் பட்டியலில் போய் உட்காரும். ஒப்பந்தம் நீளமாக இருப்பதால், நடுவில் செக்யூரிட்டிப் பகுதியை விரிக்க வேண்டிவந்தால் உங்கள் சொந்தக் கட்டடத்தில் சுவரை நகர்த்த மூன்றாம் ஆளோடு பேரம் பேச வேண்டிவரும்.

ஆள் இல்லை, ஆனால் அதிகாரத்தை விட மனமில்லை என்பவர்களுக்கு இதிலேயே மென்மையான வடிவம் ஒன்று இருக்கிறது: டெவலப்பரை முதலாளியாக்காமல் சம்பளத்துக்கு மேலாளராக வைப்பது. ஒப்பந்தங்கள் நிலையத்தின் பெயரில், கடைக்காரர்களைத் தேடுவதும் கணக்குப் பார்ப்பதும் அவர் வேலை, அவருக்கு ஒரு கட்டணமும் விற்பனை கூடினால் கொஞ்சம் ஊக்கத்தொகையும். பேர் கேட்க அவ்வளவு பளபளப்பாக இல்லாததாலோ என்னவோ இதைப் பலர் யோசிப்பதே இல்லை. நடுத்தர நிலையங்களுக்கு நான் அதிகம் பரிந்துரைப்பது இதைத்தான்.

கூட்டு நிறுவனம் பெரியவர்களின் விளையாட்டு. ஃபிராங்க்ஃபர்ட் விமான நிலையத்தை நடத்தும் ஃபிராபோர்ட், டியூட்டி ஃப்ரீ நிறுவனமான ஹைனமனுடன் 2017-இல் பாதிக்குப் பாதி பங்கில் நிறுவனம் தொடங்கியது. பாரிஸ் விமான நிலையங்களும் கடை நடத்தும் நிறுவனமான லகார்டேருடன் இப்படித்தான் நீண்ட காலமாகச் செய்கின்றன. இதில் பெரிய லாபம் பணத்தைவிடத் தகவல். எந்த நாட்டு விமானம் இறங்கும்போது எந்தப் பொருள் போகிறது, எந்த மணிக்குக் கல்லா நிறைகிறது என்பதை நிலையம் நேரடியாகப் பார்க்கிறது, அதை வைத்து அடுத்த விரிவாக்கத்தை வரையலாம். இடத்தை யார் கொடுப்பது, யார் கேட்பது என்ற இழுபறியும் குறைகிறது. ஆனால் விற்காத சரக்கும் இனி உங்கள் சரக்குதான், கெட்ட ஆண்டில் வாடகையும் வராது, முதலீட்டிலும் கை கடிக்கும். பக்கத்துக் கடைக்காரர் "நடுவரே ஆட்டக்காரராகவும் இருக்கிறார்" என்று புகார் சொன்னால் பதில் சொல்வதும் கஷ்டம்.

வாடகையை எதன்மேல் கட்டுவது

மேலே சொன்ன எந்த வழியிலும் இந்தக் கேள்வி வரும், உண்மையான சண்டையும் இங்கேதான்.

வழக்கமான முறை: விற்பனையில் ஒரு சதவீதம், அல்லது ஆண்டுக்கு ஒரு குறைந்தபட்ச உத்தரவாதத் தொகை, எது அதிகமோ அது. சதவீதம் உணவுக்குப் பொதுவாக 10-லிருந்து 20 வரை, டியூட்டி ஃப்ரீக்கு 30, 40 என்று போகும். நிலையத்துக்கு இது பாதுகாப்பாகத் தெரியும், கீழே தரை இருக்கிறது, மேலே வானம் திறந்திருக்கிறது.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். ஒரு உணவகத்தின் எதிர்பார்த்த விற்பனை 100 என்று வையுங்கள். பொருட்செலவு 30, சம்பளம் 32, பிராண்ட் உரிமத்தொகை, மின்சாரம், பராமரிப்பு எல்லாம் சேர்த்து 12, வாடகை 18 என்றால் மிச்சம் 8. அதிலிருந்துதான் கடையைக் கட்டிய முதலீடும் திரும்ப வர வேண்டும். இப்போது டெண்டரில் ஜெயிப்பதற்காக ஒருவர் 26-ஐக் குறைந்தபட்ச உத்தரவாதமாகச் சொல்கிறார். எல்லாம் திட்டப்படி நடந்தாலே மிச்சம் பூஜ்யம். பயணிகள் குறைந்து விற்பனை 70 ஆனால், பொருட்செலவு கூடவே இறங்கும், சம்பளம் அவ்வளவு இறங்காது, வாடகை 26 அப்படியே நிற்கும், அதாவது விற்பனையில் 37 சதவீதம். அடுத்து என்ன நடக்கும் என்பது தெரிந்ததுதான்: ஆட்களைக் குறைப்பார், அளவைக் குறைப்பார், விலையை ஏற்றுவார், பிறகு வாடகையைக் குறைக்கச் சொல்லிக் கடிதம் எழுதுவார், கடைசியில் வெளியேறுவார். உத்தரவாதத் தொகை என்பது ஆபரேட்டர் உயிரோடு இருக்கும்வரைதான் உத்தரவாதம்.

தென்கொரியாவின் இன்ச்சியான் விமான நிலையம் இந்தப் பாடத்தை இரண்டு முறை படித்தது. 2017-இல் சீனச் சுற்றுலாக் குழுக்கள் திடீரென்று நின்றுபோனபோது, நிலையான வாடகையைத் தாங்க முடியாமல் லோட்டே டியூட்டி ஃப்ரீ 2018-இல் முதல் டெர்மினலில் தன் இடங்களில் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுத்தது. 2023 டெண்டரில் முறையை மாற்றினார்கள்: ஒரு பயணிக்கு இவ்வளவு என்று ஏலம் கேட்க வேண்டும், அதைப் பயணிகளின் எண்ணிக்கையோடு பெருக்கினால் வாடகை. கேட்க நியாயமாக இருக்கிறது, ஆள் வந்தால்தானே வாடகை? டியூட்டி ஃப்ரீ நிறுவனங்களான ஷில்லாவும் ஷின்செகேயும் நிலையம் கேட்ட குறைந்தபட்சத்தைவிட வெகு அதிகமாக, ஒரு பயணிக்குச் சுமார் 9,000 வொன் என்று கேட்டு ஜெயித்தன. அப்புறம் பயணிகள் திரும்பி வந்தார்கள், ஆனால் முன்போல வாங்கவில்லை. ஆள் எண்ணிக்கை ஏற ஏற வாடகை ஏறியது, கல்லா ஏறவில்லை. வாடகையைக் குறைக்கச் சொல்லி நீதிமன்ற சமரசம் வரை போய், நிலையம் மறுத்ததால் 2025-இல் இரண்டும் தங்கள் முக்கியப் பகுதியை விட்டு வெளியேறுவதாக அறிவித்தன.

ஆக, பயணி எண்ணிக்கையில் கட்டினால் "வருவாரா" என்ற அபாயம் நிலையத்துக்கு, "வாங்குவாரா" என்ற அபாயம் கடைக்காரருக்கு. விற்பனைச் சதவீதம் மட்டும் என்றால் இரண்டு அபாயமும் பங்குபோடப்படும், ஆனால் கடைக்காரர் சோம்பேறியாக இருந்தாலும் நிலையம் தாங்க வேண்டும், விற்பனையை மறைக்கிறாரா என்று கண்காணிக்கவும் வேண்டும். நிலையான வாடகை என்றால் எல்லா அபாயமும் கடைக்காரர் தலையில். நான் விரும்புவது ஒரு கலவை: சதவீதம் முதன்மை, அதற்குக் கீழே மிதமான ஒரு உத்தரவாதம், அந்த உத்தரவாதம் பயணிகள் எண்ணிக்கை குறையும்போது தானாகக் குறையும்படி ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். ஸ்பெயினில் இப்படி எழுதாமல் விட்டதால் தொற்றுக் காலத்தில் அங்கே விமான நிலையங்களை நடத்தும் ஏனா நிறுவனத்துக்கும் கடைக்காரர்களுக்கும் பெரும் வழக்குகள் நடந்து, 2021-இல் நாடாளுமன்றமே சட்டம் போட்டுப் பயணிகள் குறைந்த விகிதத்தில் உத்தரவாதத்தைக் குறைக்க வேண்டிவந்தது. ஒரு பத்தியில் முடிந்திருக்க வேண்டிய விஷயம்.

சட்டம் மாறுவதற்கும் ஒரு பத்தி வேண்டும். 1999 ஜூலை 1-ஆம் தேதியோடு ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கு இடையிலான பயணத்தில் டியூட்டி ஃப்ரீ விற்பனை நின்றது. 2006 ஆகஸ்டில் லண்டனில் திரவ வெடிகுண்டுச் சதி பிடிபட்ட பிறகு வந்த திரவக் கட்டுப்பாட்டால், ஒரு நிலையத்தில் வாங்கிய பாட்டில் அடுத்த நிலையத்தின் சோதனையில் குப்பைக்குப் போனது. கடைக்காரர் இதில் எதையும் தடுத்திருக்க முடியாது.

விலைக் கட்டுப்பாட்டைப் பற்றிச் சுருக்கமாக. வெளிவிலைக்கே விற்க வேண்டும் என்பது ஒரு நிலைப்பாடு, வெளிவிலைக்கு மேல் ஒரு சிறு சதவீதம் வரை போகலாம் என்பது இன்னொன்று. 2021-இல் நியூயார்க்கின் லகார்டியா விமான நிலையத்தில் ஒரு பியரின் விலையைப் பயணி ஒருவர் படம் எடுத்துப் போட்டு அது ஊரெங்கும் சிரிப்பாய்ச் சிரித்த பிறகு, நியூயார்க் பகுதி விமான நிலையங்களை நடத்தும் ஆணையம் வெளிவிலைக்கு மேல் 10 சதவீதத்துக்கு மிகக் கூடாது என்று கறாராக எழுதியது. உள்ளே இருக்கும் கூடுதல் செலவுகளைப் பார்த்தால் இந்த 10 சதவீதம் நியாயமான இடைவெளி என்றே நினைக்கிறேன். ஆனால் ஒன்று, வாடகையை உச்சத்துக்கு ஏலம் விட்டுவிட்டு விலையையும் கட்டிப்போட முடியாது. இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும்.

எதைத் தேர்ந்தெடுப்பேன்

ஆண்டுக்கு முப்பது நாற்பது லட்சம் பயணிகளுக்குக் கீழே உள்ள டெர்மினல் என்றால் யோசிக்காமல் உணவுக்கு ஒரு ஆபரேட்டர், கடைகளுக்கு ஒரு ஆபரேட்டர். ஒப்பந்தம் ஏழெட்டு ஆண்டுகள் இருக்கலாம். இதைவிடக் குறைத்தால் முதலீடு திரும்ப வராது என்று தெரிந்து மட்டமான நாற்காலிகளைப் போடுவார்கள், அதிகமாகக் கொடுத்தால் ஐந்தாம் ஆண்டிலிருந்து கடை பழசாகிக் கிடக்கும். நடுவில் ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்பதை ஒப்பந்தத்தில் தொகையோடு எழுத வேண்டும். எந்த பிராண்ட் வருகிறது என்பதில் இறுதி ஒப்புதல் நிலையத்திடம் இருக்க வேண்டும்.

அதற்கு மேலே, ஒன்றரை இரண்டு கோடி வரை, உணவை மூன்று நான்கு பொதிகளாகப் பிரித்து வேறு வேறு முதலாளிகளுக்கு. ஒவ்வொரு பொதியிலும் நல்ல இடம் ஒன்றும் சுமாரான இடம் ஒன்றும் சேர்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் கேட் ஓரக் கடைக்கு யாரும் வர மாட்டார்கள். ஒன்றிரண்டு இடங்களைச் சிறு முதலாளிகளுக்கென்று தனியாக ஒதுக்கி, உள்ளலங்காரத்தின் பெரும்பகுதியை நிலையமே செய்து, குறைந்த டெபாசிட்டில் இரண்டு மூன்று ஆண்டுக்குக் கொடுக்கலாம், நன்றாக ஓடினால் நீட்டிக்கலாம். இதையெல்லாம் பார்த்துக்கொள்ளச் சொந்தக் குழு இல்லை என்றால் நான் சொன்ன கட்டண மேலாளர். டியூட்டி ஃப்ரீ தனி, அது ஒரே ஆபரேட்டரிடம்.

அதற்கும் பெரிய, சர்வதேசப் பயணிகள் அதிகம் வரும் நிலையமாக இருந்து, கையில் முதலீடும் இருந்தால் டியூட்டி ஃப்ரீக்கு மட்டும் கூட்டு நிறுவனத்தை யோசிக்கலாம். உணவுக்கு வேண்டாம். உணவகத்தில் பங்குதாரராக இருப்பதால் நிலையத்துக்குக் கிடைக்கும் தகவல் குறைவு, தலைவலி அதிகம். டெவலப்பரை முழு முதலாளியாக வைக்கும் வழியை, கட்டடம் கட்டவே பணமில்லாமல் அவருடைய முதலீட்டை நம்பி இருக்கும் இடங்களுக்கு மட்டும் விடுவேன்.

எந்த வழியாக இருந்தாலும் டெண்டர் மதிப்பெண்ணில் வாடகைத் தொகைக்குப் பாதிக்கு மேல் எடை கொடுக்காதீர்கள். ஆக அதிகம் கேட்டவரின் எண்ணை, அவர் சொன்ன விற்பனைக் கணிப்போடு வைத்துப் பாருங்கள். மற்ற நால்வரும் ஒரு பயணிக்கு இவ்வளவு விற்கும் என்று சொல்லும் இடத்தில் இவர் மட்டும் ஒன்றரை மடங்கு சொன்னால், எப்படி விற்பார் என்று எழுத்தில் கேளுங்கள், பதில் சரியில்லை என்றால் நிராகரிக்கும் உரிமையை டெண்டர் ஆவணத்திலேயே வைத்திருங்கள். பில்லிங் மெஷின்கள் நிலையத்தின் கணினியோடு நேரடியாக இணைந்திருக்க வேண்டும் என்பதையும், கடையை நடுவில் நகர்த்த நேர்ந்தால் கடைக்காரரின் மீளாத முதலீட்டுக்கு எந்தக் கணக்கில் ஈடு கொடுப்பீர்கள் என்பதையும் கையெழுத்துக்கு முன்பே எழுதிவிடுங்கள். கையெழுத்துக்குப் பிறகு இந்த இரண்டையும் யாரும் தர மாட்டார்கள், தந்தாலும் அதற்கு ஒரு விலை கேட்பார்கள்.